ஒரே வீட்டில் பல வயது, பல நித்திரை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பல வீடுகளில் இன்றும் மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழ்தான் படுக்கிறது. அறைக்குள் கைக்குழந்தையோடு தாய், ஹோலில் பாய் விரித்துப் பிள்ளைகள், விறாந்தையில் அப்பப்பா. இரவு பத்துக்கு எல்லா லைட்டும் அணைய வேண்டும், காலை ஐந்துக்கு எல்லோரும் எழும்ப வேண்டும் என்பது வீட்டின் எழுதாத சட்டம். இந்தச் சட்டம் வீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோதான் பொருந்தும். பொருந்தாதவருக்குப் பெயர் விழுகிறது. கைக்குழந்தை 'அழுகுணி', பெரிய பொடியன் 'சோம்பேறி', விடிய மூன்று மணிக்கே எழும்பி உட்கார்ந்திருக்கும் அம்மம்மாவுக்கு 'ஏதோ வருத்தம்'. உண்மையில் மூவரும் தங்கள் வயதுக்குரிய நித்திரையைத்தான் கொள்கிறார்கள்.

நித்திரையின் அளவு, நேரம், ஆழம் மூன்றும் பிறந்த நாளிலிருந்து முதுமை வரை மாறிக்கொண்டே போகின்றன. அந்த மாற்றத்தைத் தெரிந்துகொண்டு வீட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதற்பிள்ளை பெற்றவர்கள், பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துபவர்கள், வயதான பெற்றோரைப் புதிதாகத் தங்களோடு வைத்துக்கொண்டவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பழைய கொப்பியை எடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் விழித்தது, பகலில் கண்ணயர்ந்தது, கடைசியாகத் தேத்தண்ணி குடித்த நேரம். இவ்வளவு போதும். நிமிடக் கணக்கு வேண்டாம், கால் மணித்தியாலம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. கூடவே ஒரு கேள்வி: காலையில் தானாக எழும்பினாரா, இல்லை உலுப்பி எழுப்ப வேண்டியிருந்ததா? சனி ஞாயிறில் மற்ற நாட்களைவிட இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்குகிறவர், கிழமை நாட்களில் கடன்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த ஒரு கிழமை எழுதுவதைத் தவிர்த்துவிடாதீர்கள். எழுதாமல் ஊகத்தில் பேசும்போது தாய்மார் தங்கள் நித்திரையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எழுதினால் அது கண்ணில் படும்.

இரண்டாம் படி: உடம்புக்குள் நடக்கும் இரண்டு வேலைகள்

நித்திரையை இரண்டு விஷயங்கள் ஆட்டி வைக்கின்றன. ஒன்று நித்திரைப் பாரம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. பசி ஏறுவதைப் போல நித்திரை ஆசையும் ஏறுகிறது, தூங்கினால் தீர்கிறது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் செய்வது அடினோசினின் வேலையை மறைப்பது மட்டுமே. பாரத்தை அது இறக்குவதில்லை. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் ஆகும். பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்த தேத்தண்ணியின் பாதி வேகம் இரவு பத்து மணிக்கும் உள்ளே நிற்கிறது. சின்னப் பிள்ளைக்கும் பின்னேரம் ஒரு கோப்பை கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள்.

இரண்டாவது உடலின் கடிகாரம். எப்போது விழிப்பு, எப்போது நித்திரை என்று நேரம் சொல்வது அது. இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது வெளிச்சம். முக்கியமாகக் காலை வெளிச்சம். இந்த விஷயத்தில் நம் ஊருக்குப் பெரிய வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. ஆண்டு முழுவதும் காலை ஆறு மணியை ஒட்டியே கிழக்குக் கடலில் சூரியன் ஏறுகிறது. குளிர் நாடுகளில் உள்ளவர்கள் விளக்கு வைத்து வாங்கும் வெளிச்சம் நமக்கு முற்றத்தில் கிடைக்கிறது.

வயது ஏறும்போது மாறுவது இந்த இரண்டும்தான். பாரம் சேரும் வேகம் மாறுகிறது, கடிகாரம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்கிறது. மீதி எல்லாம் இதிலிருந்து வருபவை.

மூன்றாம் படி: எழும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழும்பும் நேரத்தை நிலைப்படுத்தலாம். ஆகவே முதலில் எழும்பும் நேரத்தை முடிவு செய்து, வயதுக்குத் தேவையான மணித்தியாலங்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். நித்திரை மருத்துவ அமைப்புகள் பொதுவாகச் சொல்லும் அளவு இது, 24 மணித்தியாலத்துக்கும் சேர்த்து:

பிறந்து 3 மாதம் வரை 14 முதல் 17 மணித்தியாலம். 4 முதல் 12 மாதம் வரை 12 முதல் 16. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. மூன்று முதல் ஐந்து வயதில் 10 முதல் 13. ஆறு முதல் பன்னிரண்டு வயதில் 9 முதல் 12. பதின்மூன்று முதல் பதினெட்டில் 8 முதல் 10. வளர்ந்தவர்களுக்கு 7க்குக் குறையாமல். அறுபத்தைந்துக்கு மேல் 7 முதல் 8.

கடைசி வரியைக் கவனியுங்கள். வயதானவர்களுக்கு நித்திரை தேவையில்லை என்பது பிழையான எண்ணம். அவர்களுக்குத் தேவை அவ்வளவாகக் குறைவதில்லை, ஒரே மூச்சில் தூங்கும் திறன்தான் குறைகிறது.

நான்காம் படி: வயது வயதாகப் பாருங்கள்

*கைக்குழந்தை*

பிறந்த குழந்தைக்கு இரவும் பகலும் தெரியாது. அதன் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகுதான் ஒழுங்குக்கு வரும். வயிறும் சிறியது, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். ஆகவே முதல் இரண்டு மாதம் 'இரவு முழுக்கத் தூங்க வைப்பது எப்படி' என்று யோசிப்பதில் பயனில்லை. கடிகாரம் ஒழுங்காக உதவி செய்யலாம். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சத்தம் வழக்கம்போல இருக்கட்டும். இரவில் பால் கொடுக்கும்போது மங்கலான லைட் போதும், விளையாட்டுக் காட்டிக் கதைக்க வேண்டாம்.

இன்னொன்று. கைக்குழந்தையின் நித்திரையில் ஏறக்குறைய பாதி, மூளை சுறுசுறுப்பாக இயங்கும் நித்திரை. முகம் சுழிக்கும், சிரிக்கும், முனகும், கை கால் துடிக்கும். விழித்துவிட்டது என்று நினைத்து உடனே தூக்கினால் உண்மையாகவே விழித்துவிடும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல நேரம் அது தானாக அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்காக. சமமான, அழுத்தமான விரிப்பில். தலையணையும் துணிக் குவியலும் இல்லாமல். 1990களின் தொடக்கத்தில் மேலைநாடுகள் இந்த ஒரு அறிவுரையைப் பரப்பிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்தில் குழந்தைகள் இறப்பது பாதியளவு குறைந்தது. நம் வீடுகளில் ஏணை கட்டுவோம். ஏணையில் ஆட்டித் தூங்க வைப்பதில் தவறில்லை. ஆனால் கழுத்து நிற்காத குழந்தை, வளைந்த துணிக்குள் நாடி நெஞ்சில் முட்டக் கிடந்தால் மூச்சு தடைப்படலாம். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமமான பாயில் கிடத்துங்கள், ஏணையில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். தாய்க்குப் பக்கத்திலேயே தனி விரிப்பு என்பது நல்ல ஏற்பாடு. இரண்டு பெரியவர்களுக்கு நடுவிலோ, மூத்த பிள்ளைகளோடோ கிடத்தாதீர்கள். புகைப்பவர், மது அருந்தியவர், நித்திரைக் குளிசை எடுத்தவர் பக்கத்தில் கிடத்தவே கூடாது.

நுளம்பு வலை இரவுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். டெங்கு பரப்பும் நுளம்பு கடிப்பது பகலில். காலையிலும் பின்னேரத்திலும் கூடுதல். குழந்தையின் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். அப்புறம், குழந்தை தூங்கட்டும் என்று சளிக்குக் கொடுக்கும் பாணி மருந்தைக் கொடுப்பது ஆபத்து. எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

*அந்தக் குழந்தையின் தாய்*

வீட்டில் எல்லோரையும்விடத் துண்டு துண்டாகத் தூங்குபவர் இவர்தான். குழந்தை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும் என்பது சரியான அறிவுரை. ஆனால் அந்த நேரத்தில் சமையலும் உடுப்புத் தோய்ப்பும் அவர் தலையிலேயே இருந்தால் அறிவுரையால் என்ன பயன்? குழந்தை பார்க்க வருபவர்கள் பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வர வேண்டாம் என்று வீட்டார் முகம் பார்க்காமல் சொல்லிவிடுங்கள். விடியப்புறப் பால் கொடுத்த பிறகு குழந்தையைத் தகப்பனோ அம்மம்மாவோ இரண்டு மணித்தியாலம் வைத்திருக்கட்டும்.

குழந்தை தூங்கும்போதும் தாய்க்கு நித்திரை வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையில் பற்று வரவில்லை என்றால் அது களைப்பு மட்டுமல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமாகும்.

கர்ப்ப காலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதத்தில் பகலெல்லாம் நித்திரை வருவது ஹோர்மோன் மாற்றத்தால், அது சோம்பலல்ல. 28 கிழமைக்குப் பிறகு மல்லாக்காகப் படுக்காமல் ஒரு பக்கமாகச் சரிந்து படுக்க வேண்டும். இரவில் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்து, காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.

*நேர்சரி வயது*

மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பகல் நித்திரை தானாகக் கழன்றுவிடும். கழன்றபின் இரவு அரை மணித்தியாலமாவது முந்திப் படுக்க வைக்க வேண்டும். இந்த வயதில் பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது நடுச்சாம அலறல். படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை கண்ணைத் திறந்தபடி கத்தும், வியர்க்கும், தாயையே அடையாளம் தெரியாது. காலையில் எதுவும் நினைவிருக்காது. இது ஆழ்ந்த நித்திரையிலிருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழிப்பதால் வருவது. உலுப்பி எழுப்பாதீர்கள். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், சில நிமிடத்தில் அடங்கும். நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் உங்கள் மனதுக்கு ஆறுதல் தந்தால் செய்யுங்கள். ஆனால் பிள்ளைக்கு முன்னால் பேயைப் பற்றிக் கதைக்காதீர்கள், நித்திரை நேரத்தைக் கூட்டுங்கள். களைத்த பிள்ளைக்கே இது அதிகம் வரும். கெட்ட கனவு வேறு. அது விடியப்புறம் வரும், பிள்ளை முழுதாக விழிக்கும், கனவைச் சொல்லும், அணைத்தால் ஆறும்.

*ஆறு முதல் பன்னிரண்டு*

நித்திரை மிக நன்றாக இருக்கும் வயது இது. நாமே கெடுத்தால்தான் கெடும். பாடசாலை ஏழரைக்கு. ஐந்தரைக்கு எழும்ப வேண்டுமென்றால் பிள்ளை இரவு எட்டரைக்குள் படுக்கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்பது மணித்தியாலம் தேறும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்புகள் இரவு எட்டுக்கு முடிந்து, வந்து சாப்பிட்டுப் படுக்கப் பத்து மணி ஆகிறது. பத்து வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் ஏழு மணித்தியாலம் தூங்கிப் படிப்பது, படித்ததை நினைவில் நிறுத்தும் வேலையையே கெடுக்கிறது. பகலில் கற்றது மூளையில் பதிவது இரவு நித்திரையில்தான்.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தகப்பன் சவூதியிலோ கத்தாரிலோ குவைத்திலோ இருப்பார். அங்கு நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. வேலை முடிந்து, சமைத்து, அவர் இரவு எட்டுக்கு வீடியோ கோல் எடுத்தால் இங்கு பத்தரை. பிள்ளைகள் அதற்காகவே விழித்திருப்பார்கள். பாசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றலாம். வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை என்றால் அவருடைய பகல் ஒன்றரை மணி இங்கு பின்னேரம் நான்கு. நீண்ட கதையை அன்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பிள்ளை படுக்கும் முன் அவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்றைக் கேட்கட்டும்.

*பதின்ம வயது*

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் வீட்டில் அதிகம் ஏச்சு வாங்குவது இந்த வயதுப் பிள்ளைகள்தான். “எழும்பு மனே, அஞ்சு மணியாகிட்டு” என்று நாலைந்து தடவை கூப்பிட்டும் அசையாத பொடியனைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும்.

பருவமடையும்போது உடலின் கடிகாரம் ஒன்றிரண்டு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. இருட்டிய பின் நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹோர்மோன், சின்ன வயதில் சுரந்த நேரத்தைவிடப் பிந்திச் சுரக்கிறது. நித்திரைப் பாரமும் மெதுவாகவே ஏறுகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் அவர்களுக்கு நித்திரை வராது, பதினொன்று ஆகும். இந்தப் பிந்தல் இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் திரும்பும். உலகின் பல சமூகங்களிலும் இது இப்படித்தான். கைப்பேசி அதைக் கூட்டுகிறது, ஆனால் கைப்பேசி மட்டும் காரணமல்ல.

சரி, கணக்கைப் பாருங்கள். இரவு பதினொன்றுக்கு நித்திரை. விடிய ஐந்தரைக்கு டியூஷன் என்றால் நாலரைக்கு எழும்ப வேண்டும். ஐந்தரை மணித்தியாலம். தேவை எட்டு முதல் பத்து. அறுபடுவது விடியற்கால நித்திரை. கனவு நித்திரை அதிகம் இருப்பது அந்தப் பகுதியில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014ல், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு அதைச் சட்டமாக்கி 2022ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம்மால் பாடசாலை நேரத்தை மாற்ற முடியாது. டியூஷன் நேரத்தை மாற்ற முடியும். கல்லடியிலும் கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலும் வகுப்பு வைக்கும் ஆசிரியர்கள் பெற்றோர் கேட்டால் மாற்றக்கூடியவர்கள்தான். பத்துப் பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை: விடியக்காலை வகுப்பு, இரவு வகுப்பு இரண்டில் ஒன்றை விடுங்கள். இரண்டும் வேண்டும் என்று வைத்திருப்பது பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்துப் படிப்புக்குக் கொடுப்பது, படிப்பும் நிற்காது. எழும்பியதும் பதினைந்து நிமிடம் முற்றத்து வெளிச்சத்தில் நிற்கட்டும், சைக்கிளில் பாடசாலை போனால் அதுவே போதும். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டதும் இருபது முப்பது நிமிடக் குட்டித் தூக்கம் நல்லது. பின்னேரம் நாலுக்குப் பிறகு வேண்டாம். இரவு பத்துக்குக் கைப்பேசி ஹோலில் சார்ஜில் இருக்கட்டும், பெற்றோருடையதும் சேர்த்து. பிள்ளையுடையதை மட்டும் பறித்தால் அது தண்டனையாகிவிடும். சனி ஞாயிறில் வழக்கத்தைவிட ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கூடத் தூங்க விடுங்கள், பகல் பன்னிரண்டு வரை வேண்டாம். உயர்தரப் பரீட்சைக்கு முதல் இரவு விழித்துப் படிப்பதைவிட ஏழு மணித்தியாலம் தூங்குவது அதிக புள்ளி தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*உழைக்கும் வயது*

ஏழு மணித்தியாலம். இதில் குறைத்துப் பழகிவிட்டேன் என்பவர்கள் பெரும்பாலும் களைப்புக்குப் பழகியிருக்கிறார்கள். நம் மாவட்டங்களில் இரவில் விழிக்கும் தொழில்கள் நிறைய. கடலுக்கும் வாவிக்கும் போகிறவர்கள், யானை வராமல் வயல் காவல் இருப்பவர்கள், வைத்தியசாலை இரவுக் கடமை செய்பவர்கள். இரவில் விழித்தவர் பகலில் தூங்க, அறை ஜன்னலுக்குக் கறுத்தத் துணி, நிலையான ஒரு நேரம், யாரும் கதவைத் தட்டக் கூடாது என்ற ஒழுங்கு மூன்றும் வேண்டும். போகும் முன் பின்னேரம் ஒரு மணித்தியாலம் படுத்துவிட்டுப் போங்கள்.

தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிறது. 24 மணித்தியாலமானால் 0.1 சதவீதத்துக்குச் சமம். படுவான்கரை வயலில் காவல் முடித்து விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் வாடியிலேயே அரை மணித்தியாலம் கண் மூடிவிட்டு வெளிக்கிடுங்கள்.

நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு நடு இரவில் உடம்பெல்லாம் கொதித்து வியர்த்து விழிப்பு வரும். வெளியில் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் விஷயமல்ல இது, வைத்தியரிடம் கேட்கலாம். பருத்தி உடுப்பும் காற்றோட்டமும் ஓரளவு உதவும்.

*முதியவர்கள்*

வயது போகப் போக ஆழ்ந்த நித்திரை குறைகிறது, விழிப்பு கூடுகிறது, கடிகாரம் முன்னுக்கு நகர்கிறது. எட்டு மணிக்கே கண் சொருகும், மூன்றுக்கு விழிப்பு. கண்ணின் வில்லை மஞ்சளாவதால் கடிகாரத்தைச் சரிசெய்யும் வெளிச்சமும் உள்ளே குறைவாகவே போகும். சாய்மனைக் கதிரையில் பகல் முழுக்கத் தூங்கி வழிந்தால் இரவுக்குப் பாரம் சேராது.

ஆகவே காலையில் மட்டுமின்றிப் பின்னேரமும் அவர்களை வெளிச்சத்தில் இருத்துங்கள். நாலரை ஐந்து மணிக்கு வாசலில் கதிரை போட்டு, யாராவது கூட இருந்து கதைத்தால் எட்டு மணி நித்திரை ஒன்பதரைக்குத் தள்ளிப் போகும், விடிய விழிப்பும் தள்ளும். பகல் நித்திரை அரை மணித்தியாலம், மூன்று மணிக்கு முன். இரவில் சலத்துக்கு அடிக்கடி எழும்பினால் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்து, பகலில் கூட்டிக் குடிக்கட்டும். சலம் போகும் குளிசையைக் காலையில் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன லைட் எரியட்டும். முதியவர்களின் இடுப்பு எலும்பு பெரும்பாலும் விழுந்துதான் முறிகிறது. நித்திரைக் குளிசை முதியவர்களின் விழுகையையும் மறதியையும் கூட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த குளிசையை வாங்கிப் பாவிக்க வேண்டாம்.

போரையும் 2004 டிசம்பர் 26ஐயும் கடந்து வந்தவர்கள் இவர்கள். கடல் சத்தம் கூடிய இரவில், மழை இரவில், திடுக்கிட்டு எழும்பி வியர்ப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அதை வயதுக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். திரும்பத் திரும்ப அதே கனவு வந்தால் மனநல மருத்துவம் உதவும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கதைக்கக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டை மாற்றுங்கள்

நித்திரை வர உடம்பின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே அது இறங்காது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முன் குளியுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைப் பின்னேரமே திறந்து, நுளம்பு வரும் நேரத்தில் வலையை இறக்குங்கள். மெத்தையைவிடப் பாய் குளிர்ச்சி.

இடத்தையும் மாற்றிப் பாருங்கள். விடிய எழும்பும் முதியவரை வாசலுக்குப் பக்கத்திலும், பிந்தித் தூங்கும் பிள்ளையைச் சமையலறையிலிருந்து தள்ளியும் படுக்க வையுங்கள். கைக்குழந்தையின் அழுகையும் விடியக்காலைப் பாத்திரச் சத்தமும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் பரீட்சைப் பிள்ளை பாவம். தொலைக்காட்சி இருக்கும் ஹோலில் யாரையும் படுக்க வைக்க வேண்டாம். முடியாத வீடென்றால் ஒன்பதுக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எப்போது வைத்தியரிடம் போவது

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி இழுப்பது, பகலில் இருந்த இடத்திலேயே தூங்கி விழுவது மூன்றும் சேர்ந்தால் அது மூச்சுத் தடை நித்திரை நோயாக இருக்கலாம். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளை தினமும் வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விட்டாலும் காட்டுங்கள். தொண்டைச் சதை வளர்ந்திருக்கலாம். நித்திரை வராமை கிழமைக்கு மூன்று நாளாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலும் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ நேரே ஓட வேண்டியதில்லை, முதலில் பக்கத்து அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். குழந்தை தூக்கத்தில் மூச்சின்றி நீலமானால் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வழக்கம் உடையும் இரவுகள்

நோன்பு மாதத்தில் நித்திரை இரண்டாக உடையும். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் கடைத்தெருவில் நிற்காமல் படுங்கள். சஹர் உணவை முடித்து, சுபஹ் என்ற விடியல் தொழுகையைத் தொழுதபின் முடிந்தவர்கள் ஒரு மணித்தியாலம் தூங்கலாம். லுஹர் என்ற மதியத் தொழுகையை ஒட்டிய கைலூலா என்ற குட்டித் தூக்கம் இருபது முப்பது நிமிடம் என்றால் அது நோன்பின் மிகப் பெரிய உதவி. சின்னப் பிள்ளைகளைச் சஹருக்கு எழுப்பினால் அன்று இரவு ஒரு மணித்தியாலம் முந்திப் படுக்க வையுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, கோயில் முன்றலில் விடிய விடியக் கூத்து. அந்த இரவுகளை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பார்க்க வேண்டும். அன்று பகலில் ஒன்றரை மணித்தியாலம் படுத்துவிட்டுப் போங்கள். சின்னவர்களுக்குப் பாயும் போர்வையும் கொண்டு போங்கள், அங்கேயே தூங்கட்டும். மறுநாள் வழக்கமான நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எழும்பி, மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டு, இரவு வழக்கமான நேரத்துக்குப் படுத்தால் ஒன்றிரண்டு நாளில் உடம்பு பழைய ஒழுங்குக்கு வந்துவிடும். கூத்து முடிந்த விடியலில் தூர ஊருக்கு வாகனம் ஓட்ட வேண்டியிருந்தால், அங்குள்ள சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பிய பிறகு புறப்படுங்கள்.